ஆதிமூலத்தின் அனாமத்துக் கணக்கு

கார்முகில் கடலின்மேல் கவிந்து, வாடைக்காற்று வரப்புகளைத் தடவத் தொடங்கியதும் மரக்காணத்து உப்பளங்கள் மோனத்தில் ஆழ்கின்றன. கோடையெல்லாம் வெண்மை பூத்து வெந்துகிடந்த பாத்திகள், மழைநீரை ஏந்தி வானத்துக்கு முகம் காட்டிக் கிடக்கின்றன. உப்பு வாரும் பலகைகள் சுவரில் சாய்ந்து உறங்குகின்றன. நாரைகள் ஒற்றைக்காலில் நின்று எதையோ நினைந்துகொண்டிருக்கின்றன. ஆசை அடங்கிய உள்ளம்போல் அளம் முழுவதும் அசைவற்றிருக்கிறது.

அத்தகைய ஓர் ஐப்பசிப் பகலில், ஐம்பது வயது நிரம்பிய ஆதிமூலம், சமுதாயக் கல்லூரியின் மூன்றாம் பெஞ்சில் அமர்ந்து மன்றாடிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கத்துல மட்டும் எழுதச் சொல்லாதீங்கம்மா."

கணக்கியல் ஆசிரியை ஷஹானா, கோட்டக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து பாடம் நடத்துபவர், இருபத்தாறு வயது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இடது பக்கத்துல என்ன சார்?"

"பற்றுன்னு போட்டிருக்குதும்மா."

"ஆமா. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு."

"வரவு வரட்டும், அது அவன் குடுக்கிறது. பற்றை விடணும்னு முப்பது வருஷமா பிரதோஷம் தவறாம பெருமுக்கல் மலையேறிப் பாடிட்டு வர்றேன். இங்க வந்து பக்கம் பக்கமாப் பற்றை எழுதுனா அடுக்குமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஷஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இது அந்தப் பற்று இல்ல சார். ஒரு கணக்குல வந்து சேர்றது பற்று. அவ்ளோதான்."

"சேர்றதுதானேம்மா பற்று!"

அவருடைய பிடிவாதத்துக்கு ஈடாக அவருடைய தேவையும் பெரிது. அவரது சிறு அளத்தை இரண்டாண்டாக மழை கொண்டுபோயிருந்தது. உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் கணக்கர் பணி காலியாயிருந்தது, மாதம் பன்னிரண்டாயிரம். கல்லூரிச் சான்றிதழ் பெற்றவருக்கே அது கிட்டும். அவர்தாம் அதற்குத் தகுந்தவர் என்று தலைவர் சகாதேவனும் பொருளாளர் ராஜ்கமலும் ஒரே குரலில் கூறியிருந்தனர். செய்முறைத் தேர்வுக்கென்று சங்கத்தின் சென்ற ஆண்டு ரசீதுகளையே மூட்டையாகத் தூக்கிக் கொடுத்தனர்.

"நீ எழுது சாமி. உன்னை மாதிரி சூதுவாது தெரியாத ஆளுதான் சங்கத்துக்கு வேணும்," என்றார் சகாதேவன்.

வீட்டில் மனைவி ஜெயா வழக்கைக் கேட்டுத் தீர்ப்பும் சொன்னாள்.

"பற்று வேணாமாம், வரவு மட்டும் வேணுமாம். அதுக்குப் பேரு பக்தி இல்லய்யா, பேராசை."

ஆதிமூலம் அன்று முதல் இடப்பக்கத்திலும் எழுதினார். ஒவ்வொரு தொகைக்கும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, கூடியவரை சிறிய எழுத்தில் எழுதினார். ஆயினும் இருபுறத்தையும் கூட்டியபோது நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய் இடித்தது. மறுபடி கூட்டினார். மறுபடியும் இடித்தது.

"திங்கக்கிழமை நோட்டைக் குடுக்கணும் சார். இப்போதைக்கு வித்தியாசத்த அனாமத்துக் கணக்குல போட்டு வைங்க. தப்பு கெடைச்சதும் எடுத்துடலாம்," என்றார் ஷஹானா.

அச்சொல் ஆதிமூலத்தின் நெஞ்சைத் தொட்டது. உடையவர் இல்லாத பொருள்! அப்படியெனில் அது எல்லாம் உடையவனுக்கே உரியதன்றோ? முத்துமுத்தான எழுத்தில் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதினார். எனினும் மனச்சான்று உறுத்தியது. உரியவர் எவரேனும் இருந்துவிட்டால்? பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் நின்று அறிவித்தார்.

"சங்கக் கணக்குல நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி அறுபது ரூபா அனாமத்தா நிக்குது. யாருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா."

நண்பகலுக்குள் கடற்கரை முழுவதும் செய்தி பரவியது. மாலையில் கிளியனூரைச் சென்றடைந்தபோது அது நான்கு லட்சமாக வளர்ந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும், தலையில் துண்டைப் போர்த்தியபடி சகாதேவன் வந்தார்.

"ஏம்பா சாமி, எது வரைக்கும் பார்த்த?"

"எல்லா ரசீதும் பார்த்துட்டேன் தலைவரே. ஒண்ணுதான் எங்க போச்சுன்னு தெரியல. திங்கக்கிழமைக்குள்ள புடிச்சிடுவேன்."

வாடைக்காற்றிலும் சகாதேவனுக்கு வியர்த்தது. மஞ்சள் பை ஒன்றை நீட்டினார்.

"இதுல இருபத்தஞ்சாயிரம் இருக்குது. அனாமத்துல போட்டுடு. என் பேரு எங்கயும் வரக் கூடாது."

ஆதிமூலத்துக்குக் கண் பனித்தது. பெயர் வேண்டாத கொடை! தாம் தேர்வில் தோற்கக் கூடாது என்று தலைவர் உள்ளம் இப்படியா உருக வேண்டும்?

அவர் போனதும் ராஜ்கமல் கொல்லை வழியாக வந்தான்.

"அண்ணே, இருபத்திரண்டாயிரம். சத்தியமா அவ்ளோதாண்ணே. பேரு வேணாம்."

"என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்று ஆதிமூலம் கைகூப்பினார். அவன் நில்லாமல் ஓடினான்.

நாற்பத்தேழாயிரத்தையும் சுமந்துகொண்டு கல்லூரிக்குச் சென்றார்.

"ஊர்ல நல்லவங்க சேர்ந்து நிரப்பிட்டாங்கம்மா. ஆனா இப்ப ஐயாயிரத்து அறுநூத்தி நாப்பது அதிகமாயிட்டுது."

ஷஹானா திகைத்து, நோட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சார், சாக்கு வாங்குனது இருபதாயிரத்து அறுநூத்தி எண்பது. இத ஏன் வரவுப் பக்கம் எழுதுனீங்க?"

"அன்னிக்கு சிவராத்திரிம்மா. அன்னிக்கு வாங்குனதப் போய்ப் பற்றுல எழுதக் கை வரல."

"பக்கம் மாறுனா வித்தியாசம் ரெண்டு மடங்காயிடும் சார்! கூட்டிப் பாருங்க, நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி அறுபது. கணக்கு நேராயிடுச்சு. சங்கத்துக் காசு ஒண்ணும் கொறையல."

"அப்போ இந்த நாப்பத்தேழாயிரம்?"

ஷஹானா மஞ்சள் பையை மெல்ல அவர் பக்கமே தள்ளினார்.

"இதுதான் சார் நிஜமான அனாமத்து."

ஆதிமூலம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். "நான் எங்கப்பா உன் வீட்டுக்கு வந்தேன்?" என்றார் சகாதேவன். "ஏண்ணே என் பேரை இழுக்கிறீங்க?" என்று ராஜ்கமல் கண் கலங்கினான். கொடுத்ததை மறந்துவிடும் பெருந்தன்மையைக் கண்டு ஆதிமூலம் மெய்சிலிர்த்தார். ஞாயிறன்று கூடிய சங்கக் கூட்டத்தில், மழையால் வேலையின்றி இருக்கும் நாற்பத்தேழு உப்பளப் பெண்களுக்கும் ஆளுக்கு ஆயிரம் கொடுத்துவிடலாம் என்றார். தலைவரும் பொருளாளரும் முந்திக்கொண்டு கை தூக்கினர்.

திங்களன்று நோட்டை ஒப்படைத்தார். முடிவு வெள்ளியன்று வருவதாயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. அளத்தோரத்துப் பிள்ளையார்முன் ஆதிமூலம் சிறு அகலை ஏற்றி, காற்றில் அணையாதபடி இரு கைகளாலும் அணைகட்டி நின்றார். அன்று அவர் பாடவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

ஆயிரம் ரூபாய் வாங்கிய நாற்பத்தேழு பேரில் மூத்தவளான பாஞ்சாலை, வரப்பு வழியே வந்தவள் நின்றாள்.

"என்னா சாமி வேண்டுதல்?"

"பரீட்சையில பாஸாகணும் பாஞ்சாலை. இனிமேலாவது கணக்கத் தப்பில்லாம எழுத வரணும்."

பாஞ்சாலை பதறிப்போனாள். விளக்கடியில் கிடந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசி, தலைமேல் கைவைத்தாள்.

"அய்யய்யோ, அது மட்டும் வேணாம் சாமி! வேலையில்லாத மாசத்துக்குன்னு சங்கம் குடுக்கிற எங்க மழைக்காசு தீந்துபோச்சுன்னு அஞ்சு வருசமா முழுங்குன அந்த ரெண்டு பேரும், நீங்க தப்பா எழுதப் போயிதானே பயந்து கக்குனானுங்க! நூறு வருசம் நல்லா இருங்க சாமி, இப்படியே தப்பாவே எழுதிக்கினு இருங்க!"