பாலத்தில் ஓர் இறக்கம்

உலகத்தில் பாலத்தைக் கடந்த மனிதர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் பாலத்தின் மேலால் போய் வந்தவர்கள். இதைச் சொன்னது நானில்லை, பாலத்தார். அந்த ஒருவர் யார் என்று அவரிடம் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

பாலத்தார் மல்லாவியில் இருந்து பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ் ஒன்றின் நடத்துநர். நான் அதே பஸ்ஸின் சாரதி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பார்த்த வேலைகளில் அது எத்தனையாவது என்று எனக்கே தெரியாது. அரிசி ஆலை, கல் குவாரி, நண்டு வாங்கும் கொம்பனி, இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசரில் எடுபிடி. எதிலும் நான் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிலைத்ததில்லை. அந்த பஸ்ஸில் மட்டும் இரண்டு வருடம் இருந்தேன். காரணம் சம்பளம் என்று யாராவது நினைத்தால் அவர்கள் எங்கள் முதலாளியைக் கண்டதில்லை.

பூநகரி கழிந்து, பனைகள் குறைந்து, இரண்டு பக்கமும் கடல்நீரேரி தெரியத் தொடங்கும்போது பாலத்தார் ரிக்கற் புத்தகத்தைப் பைக்குள் வைப்பார். தலைமயிரைக் கையால் வாரிவிடுவார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டுவார். பிறகு ஒரு சத்தம் போடுவார்.

“போனை வையுங்கோ, பாலம் வருது!”

வருவது சங்குப்பிட்டிப் பாலம். அதன் நடுவில் அவர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் நிறுத்த வேண்டும். சனம் இறங்க வேண்டும். இறங்கியவர்களுக்கு அவர் நீண்ட விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை.

“இந்தப் பக்கம் பாருங்கோ. சரி. இப்ப அந்தப் பக்கம் பாருங்கோ. சரி. ஏறுங்கோ.”

அவ்வளவுதான். இதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மழை பெய்தால் குடை உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது.

மதகுகளை அவர் மதிப்பதில்லை. “தண்ணிக்கு வழி விடுறது மதகு. மனுசருக்கு வழி விடுறது பாலம்” என்பார். விடுமுறை கிடைத்தால் கோயில் குளத்துக்குப் போகமாட்டார், பாலம் பார்க்கப் போவார். மலைநாட்டில் ஒன்பது வளைவுகளோடு ஒரு பாலம் இருக்கிறதாம் என்று யாரோ சொல்ல, மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“வடிவுதான். ஆனா ரயிலுக்குக் கட்டினது. ரயிலுக்கு என்ன தெரியும்?”

அவருக்குச் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல குடும்பம், வயல் காணி, பெண்ணுக்கும் விருப்பம். பாலத்தார் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அங்க போற வழியில பாலம் என்ன மாதிரி?”

“ஒரு மதகு இருக்குத் தம்பி.”

சம்பந்தம் அத்தோடு நின்றது.

லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஒரு நாள் எங்கள் பஸ்ஸில் ஏறினார். நடுப்பாலத்தில் இறங்கச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதென்ன பாலம்? எங்கட பக்கத்தில இதைவிடப் பெரிசெல்லாம் இருக்கு.”

“அதில நிண்டு பாத்தனீங்களே?”

“இல்லை. காரில போறதுதான்.”

“அப்ப உங்கட பக்கத்தில பாலம் இல்லை” என்றார் பாலத்தார். “இறங்குங்கோ.”

லண்டன்காரர் இறங்கினார்.

இறங்காத ஒரே ஆள் கருவாட்டு மலரக்கா. கருவாட்டுச் சாக்கோடு சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறவர். முதல் நாளில் இருந்தே சாக்கின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி உள்ளேயே இருப்பார்.

“நான் இந்தக் கடலை வள்ளத்தில வந்து பாத்தனான், பாதையில வந்து பாத்தனான், இனி இவன் காட்டித்தான் பாக்கோணுமோ? எடடா பஸ்ஸை! கருவாடு காயுது.”

“காஞ்சாத்தானே அக்கா அது கருவாடு?”

“நீ ஒருநாளைக்கு என்னட்ட வாங்கிக் கட்டுவாய்.”

பாதை என்று அவர் சொன்னது, பாலம் வருவதற்கு முன் அங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய மிதவையை. சண்டையால் அதுவும் ஓடாத காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பாலத்தார் ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். முழங்காவிலில் ரயர் காற்றுப் போய், இரண்டு பேரும் கீழே படுத்து ஜக் வைத்து பஸ்ஸைத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

“அப்பாவுக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். வள்ளத்தில ஏத்தினம். பாதித் தூரத்தில முடிஞ்சுது. அந்தச் சின்னக் கட்டையைத் தள்ளுங்கோ.”

நான் கட்டையைத் தள்ளினேன். அதன் பிறகு அவர் இரும்பைக் கடற்காற்று எப்படித் தின்னும் என்பதைப் பற்றிக் கனநேரம் பேசினார்.

எங்களுக்குப் பின்னால் வரும் பஸ்காரர்களுக்குப் பாலத்தாரை நிறையப் பிடிக்கும். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் எங்களை முந்திப் போய், வழியில் நின்ற எங்கள் சனத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். போகும்போது கையும் காட்டுவார்கள். இது முதலாளியின் காதுக்குப் போனது. முதலாளி மல்லாவிச் சந்தையடிக்கு நேரில் வந்தார்.

“ஐசே, இது பஸ்ஸோ, சுற்றுலாவோ? சனம் ஏறினா நிப்பாட்டும், இறங்கினா நிப்பாட்டும். பாலம் பாக்க நிப்பாட்டினா, அந்த இடத்திலேயே பையைக் கழட்டித் தந்திட்டு வீட்ட போம்.”

“ஓம்” என்றார் பாலத்தார்.

“நாளைக்கு நானும் வாறன்.”

அன்று பின்னேரம் பாலத்தார் தேநீர் குடிக்கவில்லை. வேறு வேலைக்குப் போக அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அந்தப் பாலத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கடக்க விடும் வேலை வன்னியில் வேறு எது இருக்கிறது?

மறுநாள் முதலாளி எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தார். வழக்கமான சனம்தான். செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. பூநகரி கழிந்தது. பனைகள் குறைந்தன. பாலத்தார் ரிக்கற் புத்தகத்தைப் பைக்குள் வைக்கவில்லை. மேல் பொத்தானைப் பூட்டவில்லை. பின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடி நின்றார். கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸுக்குள் ஒருவரும் போன் பார்க்கவில்லை.

பாலத்தில் ஏறியதும் கியர் எப்படியோ இரண்டுக்கு வந்துவிட்டது. பஸ் பழசு.

“ஏன் உருட்டுறீர்?” என்றார் முதலாளி.

“எஞ்சின் சூடு.”

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் இருந்து இறங்க வேண்டியவர் “இறக்கம்” என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அது காடாக இருந்தாலும் வயலாக இருந்தாலும் நிறுத்தியே ஆகவேண்டும். நடுப்பாலத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

“இறக்கம்!”

மலரக்கா.

முதலாளி திரும்பிப் பார்த்தார். “இதில என்ன அக்கா இறக்கம்? கீழ கடல்.”

“நான் எங்க இறங்கிறதெண்டு நீர் சொல்லுவீரோ? ரிக்கற் எடுத்தனான்.”

“சந்தைக்கெல்லோ எடுத்தனீங்கள்?”

“சந்தைக்கு எடுத்தா இடையில இறங்கக்கூடாதோ? சாக்கு கிடக்கட்டும். நான் அந்தக் கரையில வந்து ஏறுறன். தம்பி, நிப்பாட்டு.”

சனம் இறங்கினால் நிறுத்தலாம் என்பது முதலாளியே போட்ட சட்டம். நான் நிறுத்தினேன். மலரக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். உடனே பின் ஆசனத்தில் ஒரு குரல், “எனக்கும் இறக்கம்.” பிறகு, “இஞ்சயும் ஒரு இறக்கம்.” அந்த இடத்துக்கு அவ்வளவு பயணிகள் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியில் உள்ளே மிஞ்சியது முதலாளி, நான், கருவாட்டுச் சாக்கு, கண்ணை மூடிய பாலத்தார். கதவு திறந்து நின்றதால் காற்று கருவாட்டு மணம் முழுவதையும் முதலாளியின் பக்கம் கொண்டுவந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“நான் மட்டும் இதுக்குள்ள இருந்து என்ன செய்யிறது?” என்று சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கும் ஆட்களைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமும் பார்த்தார்.

பாலத்தார் இறங்கவில்லை. “பாலம் பாக்க நிப்பாட்டக்கூடாதெண்டு சொன்னவர்” என்று கண்ணைத் திறக்காமலே எனக்குச் சொன்னார்.

கீழே இருந்து மலரக்காவின் சத்தம் வந்தது.

“அடேய் பாலத்தான், இறங்கடா! உன்ர பாலத்தை நாங்கள் தனிய நிண்டு பாக்கிறதோ?”

பாலத்தார் கண்ணைத் திறந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தார் ரிக்கற் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். மேல் பொத்தானைப் பூட்டினார். இறங்கி, மலரக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அன்று அவர் யாருக்கும் எந்தப் பக்கத்தையும் காட்டவில்லை.

பை அவர் தோளிலேயே இருந்தது. அதைப் பற்றி முதலாளி பிறகு கதைக்கவேயில்லை. நான்தான் வழக்கம்போல அந்த வேலையையும் விட்டேன்.

இப்போது வவுனியாப் பக்கம் நெல் லொறி ஓட்டுகிறேன். பாலம் ஒன்று தூரத்தில் தெரிந்தால் கியர் இரண்டுக்கு வந்துவிடுகிறது, இத்தனைக்கும் இந்த லொறி புதிசு. பின்னால் இருந்து அந்தச் சத்தம் வரும் என்று காது கொஞ்ச நேரம் காத்திருக்கும். வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

“போனை வையுங்கோ, பாலம் வருது!”

நெல் மூட்டைகள் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.