திராட்சை இலையும் திருமயத்து மாமனாரும்

தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாழ்க்கையில் எத்தனை வாய்ப்புகளைக் கோட்டை விடுகிறார்கள்!

எனக்கு வேலை துபாயில். ஒரு விடுமுறைக்கு மனைவி கவிதாவோடு, திருமயத்திலிருந்து மாமனார் மாமியாரையும் வரவழைத்துக் கிரீஸுக்குக் கூட்டிப்போனேன். பாசம் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். உண்மைக் காரணம் மாமா. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. போர் போட பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டார், என்னிடம் "சாப்டீங்களா மாப்ள?" என்பதோடு சரி. "மாப்ள சொன்னா சரிதான்" என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்காகவே கிரேக்கச் சாப்பாட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். (முக்கால்வாசியை ஓட்டி ஓட்டித்தான்.)

ஏதென்ஸில் ஓர் அம்மா நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை. "எல்லாரும் சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்று மெனுவைப் பிடுங்கிக்கொண்டேன். முதலில் ஸட்ஸிக்கி. "வெள்ளரிக்காப் பச்சடியில்ல இது?" என்றார் அத்தை. அடுத்து மூசாகா, கத்திரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கடுக்காக. மாமா தட்டை வழித்துவிட்டு, "பரவால்லயே மாப்ள!" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு வந்தது டொல்மாடேஸ். திராட்சை இலைக்குள் அரிசியை வைத்துச் சுருட்டி அவித்தது. மாமா ஒன்றை எடுத்து அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா, நில்லுங்க! எலையோடவா திங்கப்போறீங்க? ஓலக்கொழுக்கட்டைய ஓலையோடயா திங்கிறோம்?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. "அட, ஆமால்ல! மாப்ள சொன்னா சரிதான்."

(சொல்லிவிட்டார்! சாட்சிக்கு அத்தை இருக்கிறார்.)

"என்னங்க, எலை நல்லா வெந்து மெத்துனு இருக்கே..." என்று கவிதா இழுத்தாள்.

"பேசாம உரி."

வெற்றி தலைக்கேறியது. "சாப்ட்டதும் எலைய நம்ம பக்கமா மடிச்சு வைங்க. வெளிநாட்டுக்கு வந்தா மரியாத மறந்துருமா?" என்றேன். உள்ளங்கை அகல இலைகளை நாலு பேரும் பந்தியில் மடிப்பதுபோல் பயபக்தியோடு மடித்து வரிசையாக வைத்தோம்.

கடைக்கார அம்மா வந்தார். வரிசையைப் பார்த்து முகம் வெளிறிவிட்டது. ஓர் இலையை விரித்து, "பூச்சியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சூப்பர்! வெரி டேஸ்டி!" என்று கட்டைவிரலை உயர்த்தினேன். உள்ளே போனவர், ஒரு கிண்ணத்தில் அந்த அரிசியை மட்டும் குழைவாகக் கொண்டுவந்து, குட்டி ஸ்பூனோடு என் முன்னால் வைத்து அதே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

கவிதா ஒரு சொல் விடாமல் தமிழில் பெயர்த்தாள்: "எலைய மெல்லத் தெரியாத பச்சப்புள்ளைகளுக்கு இப்படித்தான் குடுப்பாங்களாம்."

மாமா மடித்து வைத்த இலைகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். "புளிப்பா நல்லாத்தேன் இருக்கு மாப்ள."

இருந்தாலும் நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இப்போதெல்லாம் மாமா என்னைக் கேட்காமல் எதையும் சாப்பிடுவதில்லை. மச்சினன் கல்யாணப் பந்தியில், பெண் வீட்டார் எல்லாரும் பார்க்க, வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டி, "மாப்ள, இத உரிக்கணுமா, அப்புடியேவா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பரிமாறுகிறவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்க மாப்ளைக்கு ரெண்டு எலை போடுப்பா. ஒன்னு சோத்துக்கு, ஒன்னு திங்க."