கோடு போட்ட பெயர்கள்

"தம்பி ஷெர்வின், லாசரஸ் அங்கிளுக்கு அழைப்பு வந்திருக்குப்பா" என்றார் ரத்தினபாய் ஆன்ட்டி போனில்.

"சந்தோஷம் ஆன்ட்டி. அங்கிளைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."



"அவங்க போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சேப்பா. 'வர இயலாவிட்டால் காரணம் தெரிவிக்கவும்'னு வேற போட்டிருக்கு. என்ன காரணம்னு தெரிவிக்கறது?"

ஷெர்வின் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தான்.

"வேதத்துல லாசரு நாலாம் நாள் எழும்பி வந்தான். நம்ம வீட்டு லாசரஸுக்கு எட்டு வருஷம். கொஞ்சம் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். கோபத்தில் வைத்தாரா, சிரித்துக்கொண்டே வைத்தாரா என்று தெரியவில்லை.

ஷெர்வினுக்கு நாற்பத்தாறு வயது. கிண்டியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. செம்பாக்கம் ஏரிக்கரையில் அவன் போகும் சர்ச்சுக்குப் பழைய வெப்சைட் ஒன்று இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் செயலாளர் எலியேசர் சார் தன் கையாலேயே உருவாக்கியது. திறந்தால் புறா பறக்கும், மணி அடிக்கும், சபையாரின் பெயர்ப் பட்டியல் மஞ்சளிலும் ஊதாவிலும் மினுக்கும். அதைப் புதுசாக்கித் தருகிறேன் என்று ஷெர்வின்தான் ஒப்புக்கொண்டான்.

வெப்சைட்டின் ஒரு பக்கம் வெளியே பார்க்க ஒரு மாதிரி, உள்ளே வேறு மாதிரி. உள்ளே ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் கட்டளைகள் இருக்கும்: இதைச் சிவப்பாக்கு, இதைப் பெரிதாக்கு, இதை ஓடவிடு. டேக் என்பார்கள். எலியேசர் சாரின் பக்கத்தில் பெயர்களைவிட டேக்குகள் அதிகம். அவருடைய ஜெபம் மாதிரியே தொடங்கியது பல, முடிந்தது சில.

ஷெர்வின் இருபத்தைந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினான். டேக்கையெல்லாம் தூக்கி எறி, எழுத்தை மட்டும் வை. ஓடவிட்டால் மூன்று வினாடியில் முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், பக்கத்திலேயே போன் நம்பர்கள், பளிச்சென்று வந்து நின்றன. மனைவி சுஜியைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினான். அதே சூட்டில் ஞாயிறு காலையே, சபையின் அசன விருந்துக்கான அழைப்பைப் பெயர் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

ரத்தினபாய் ஆன்ட்டி போனை வைத்ததும் அவன் எலியேசர் சாரை அழைத்தான்.

"சார், லாசரஸ் அங்கிள் பேரு லிஸ்ட்ல எப்படி இருக்கு?"

"பேர் இருக்கும். பேர் மேல கோடு போட்டிருப்பேனே, பாக்கலையா? இல்லாதவங்க பேரையெல்லாம் குறுக்கால ஒரு கோடு போட்டு அடிச்சிருப்பேன். எடுக்க மனசு வரலை, அதான்."

ஷெர்வின் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தான். கோடு இருந்தது. அதுவும் ஒரு டேக்தான். ஒற்றை எழுத்து டேக். அவனுடைய புரோகிராம் மஞ்சளையும் புறாவையும் கழுவிய அதே தண்ணீரில் கோட்டையும் கழுவிவிட்டிருந்தது.

"எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுடு. கொஞ்சம் ஆறுதலாவும் ரெண்டு வார்த்தை எழுது" என்றார் எலியேசர் சார்.

இந்தத் தடவை ஷெர்வின் அவசரப்படவில்லை. கோடு டேக்குக்குள் இருக்கும் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுக்கப் புரோகிராமைத் திருத்தினான். முப்பத்தோரு பெயர்கள். ஒன்று விடாமல் கையால் எண்ணிச் சரிபார்த்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் அவன் பெயரிலேயே செய்தி போனது: 'அன்புக்குரிய இன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். அவரைச் சபை என்றும் மறவாது.'

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது.

"ஷெர்வினா? நான் டெபோரா பேசறேன்."

"எந்த டெபோரா?"

"செத்துப்போன டெபோரா."

டெபோரா அக்கா பாடகர் குழுவில் பெரிய குரல். ஆறு வருடத்துக்கு முன்னால், மைக்கைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டு சேலையூரில் வேறு சபைக்குப் போய்விட்டவர்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாள் விசாரிச்சீங்களாடா? இப்ப 'என்றும் மறவாது'ன்னு அனுப்பறீங்க! எங்க வீட்டுக்காரர் அதைப் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரியா பாக்கறார், தெரியுமா?"

பதினோரு மணிக்குள் அப்படி எட்டு பேர் அழைத்தார்கள். எட்டு பேரும் திடமாக இருந்தார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஷெர்வின் ஆபீஸ் படிக்கட்டில் நின்று எலியேசர் சாரிடம் கத்தினான். "சார், இல்லாதவங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. சபையில இல்லாதவங்க. செத்தும் இல்லாம இருக்கலாம், சண்டை போட்டும் இல்லாம இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு டேக்தானே தம்பி. ஆளுக்கு ஒரு கோடு எங்க போய் வாங்குவேன்?"

"அப்ப உயிரோட இருக்கறவங்க எத்தனை பேர்?"

எலியேசர் சார் விரல் விட்டு எண்ணுவது போனிலேயே கேட்டது. "ஒன்பது. டெபோரா, அச்சுதன் வீட்டு மாப்பிள்ளை..." என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "கடைசியா ஃபிரெடி" என்றார்.

ஷெர்வின் படிக்கட்டிலேயே உட்கார்ந்தான்.

"லைன்ல இருக்கியா? ஃபிரெடிப்பா. கீபோர்டு ஃபிரெடி. உன் சிநேகிதன்தானே?"

"அவன் நல்லா இருக்கானா சார்?"

"அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருப்பான்."

எட்டு பேர் அழைத்துத் திட்டினார்கள். அழைக்காத ஒன்பதாவது ஆள் ஃபிரெடி.

அவனும் ஷெர்வினும் ஒன்பது வருடம் தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் வேலைக்குப் போனவர்கள். ஏழு ஐம்பது வண்டி, கடைசிப் பெட்டி. முதலில் ஏறுபவன் மற்றவனுக்கு இடம் பிடிப்பான். சர்ச்சில் ஃபிரெடி கீபோர்டு வாசிப்பான். பதினோரு வருடத்துக்கு முன்னால், அவன் அடிக்கடி தாமதமாக வருகிறான், வேறு ஆளைப் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள், ஷெர்வினும் தூக்கினான். அதில் அவனுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. எல்லோர் கையும் மேலே இருக்கும்போது தன் கை மட்டும் கீழே இருப்பது கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது ஃபிரெடி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"கை வலிக்கலையாடா?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு சர்ச்சுப் பக்கம் வரவில்லை. வீட்டையும் வண்டலூருக்கு மாற்றிக்கொண்டான். ஷெர்வின் ரயிலில் முதல் பெட்டிக்கு மாறினான்.

"ஃபிரெடி அண்ணனை நேர்ல போய்ப் பாருங்க" என்றாள் சுஜி.

"போறேன். முதல்ல இதைச் சரிபண்ணிடறேன்."

வியாழக்கிழமை வெப்சைட்டின் முகப்பிலேயே ஓர் அறிவிப்பைப் போட்டான்: 'தவறுக்கு வருந்துகிறோம். கர்த்தருடைய கிருபையால் கீழ்க்கண்ட ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.' கீழே டெபோரா முதல் ஃபிரெடி வரை பெரிய எழுத்தில் பெயர்கள். ஒன்பது பேருக்கும் லிங்க்கை அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்த சபை முழுவதும் அழைத்தது.

"ஒன்பது பேர்தான் உயிரோடன்னா நாங்கள்லாம் யாருப்பா?"

"என் மாமியார் பேரைக் காணோமே. ஏதாவது விசேஷமா?"

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசினார். "தம்பி, நவம்பர்ல பென்ஷன் ஆபீஸ்ல உயிரோட இருக்கறதுக்குச் சான்று கேப்பாங்க. என் பேரையும் இதுல சேர்த்து ஒரு பிரின்ட் எடுத்துத் தந்தா, அலைச்சல் மிச்சம்."

சாயங்காலம் போதகரே அழைத்துவிட்டார். "ஷெர்வின், உயிரையும் மரணத்தையும் ஆண்டவர் பாத்துக்குவார். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி நீங்க அந்த லிஸ்டை எடுத்துடுங்க."

"சரிங்க ஐயா."

ஃபிரெடியிடமிருந்து அப்போதும் அழைப்பு வரவில்லை. ஒரு வசைகூட இல்லை. 

சனிக்கிழமை காலை ஷெர்வின் ஸ்கூட்டரை எடுத்தான். எலியேசர் சார் தந்த விலாசம் வண்டலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, மூன்றாவது தெரு. வழி நெடுக ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்தான். 'மச்சான், நீ செத்துட்டன்னு அனுப்பினது நான்தான், அடி.' இல்லை, அது வேண்டாம். 'மச்சான், அன்னிக்கு அந்தக் கையை...' அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. பதினோரு வருடமாகவே வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தி அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டான். ஃபிரெடிக்கு அது பிடிக்கும்.

வீட்டு வாசலில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஏதோ விசேஷம் நடந்திருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வான், என்று நினைத்துக்கொண்டே பெல்லை அடித்தான்.

கல்லூரி வயதில் ஒரு பெண் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஃபிரெடியின் மகள் ஜாஸ்மின். கடைசியாக அவன் பார்த்தபோது இரட்டைச் சடையோடு ஞாயிறு பள்ளியில் இருந்தாள்.

"ஷெர்வின் அங்கிள்தானே?" என்றாள். "மெசேஜ்ல உங்க பேரைப் பாத்தோம்."

உள்ளே அப்பா காதில் விழட்டும் என்றே ஷெர்வின் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். எதிரில் ஃபிரெடி இல்லாதபோது, பதினோரு வருடம் வராத வாக்கியம் தானாக வந்தது.

"அந்த மெசேஜைப் பத்தித்தான்மா வந்தேன். தப்பு பூரா என்னோடது. ஒரு நல்ல மனுஷன் பேரை யோசிக்காம அழிச்சிட்டேன். இந்த வாரம் மட்டும் இல்ல, பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே அழிச்சிட்டேன். அப்பா என்னைத் திட்டணும்னா திட்டட்டும், வாசல்லயே நிக்கறேன். அந்த லிஸ்டையும் இன்னிக்கே எடுத்துடறேன்னு அவர்கிட்ட சொல்லு."

ஜாஸ்மின் அவனையும், அவன் கையிலிருந்த ஸ்வீட் பெட்டியையும் பார்த்தாள். பிறகு உள்ளே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பாவைச் செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் பண்ணோம் அங்கிள், ஆனா அந்த லிஸ்டை மட்டும் எடுத்துடாதீங்க, அப்பா உயிரோட இருக்காங்கன்னு போட்டிருக்கறது அது ஒண்ணுதான், அம்மா அதையே திறந்து வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க."