கொம்பு பறந்த பாட்டும் முத்து விதியும்

அன்பிற்குரிய மச்சான் ஜோன் அவர்களுக்கு,

பீடோங்கிலிருந்து இஞ்ஞாசிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். மெர்கோங்கில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? என் பிரஷர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சந்தோஷத்தில்.

போன மாதம் நம் கோயிலில் ஒரு கல்யாணம். பாட்டுகளைத் திரையில் காட்டுவது என் மகள் செரீனா. அதற்கு அவள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், அதாவது பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டது. கல்யாணப் பெண் வாசலில் வந்து நிற்கிறாள், பாட்டு எழும்புகிறது, திரையைப் பார்த்தால் கொம்பெல்லாம் ஒரு பக்கம், எழுத்தெல்லாம் ஒரு பக்கம், நடுவில் புள்ளிப் புள்ளியாய் வட்டங்கள்! பாட்டுக்குழு அப்படியே நின்றுவிட்டது. ஃபாதர் என்னைப் பார்க்கிறார், நான் செரீனாவைப் பார்க்கிறேன். "நான் ஒண்ணும் தொடலப்பா, நேத்து அப்டேட் வந்துச்சு, அவ்ளோதான் லா!" என்றாள், அழாத குறையாக. பெண் பாட்டில்லாமலே பீடம் வரை நடந்தாள், மச்சான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்த மென்பொருளை எழுதும் குழுவின் பொதுப் பக்கத்தில் கேட்டேன், இதற்கு யார் பொறுப்பு என்று. நாங்கள் தன்னார்வலர்கள், யாரும் பொறுப்பில்லை என்று பின்லாந்துக்காரர் ஒருவர் பதில் போட்டார். விடுவேனா? முப்பது வருஷம் கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவன். மெஷினைத் தொட்டவன் புத்தகத்தில் பெயர் எழுதாமல் வீட்டுக்குப் போனதுண்டா? செரீனாவை உட்கார வைத்து இங்கிலீஷில் அடிக்கச் சொன்னேன். "எழுதும்மா. ஒவ்வொரு மாத்தத்துக்கும் செஞ்சவன் பேரு, பாத்து ஓகே சொன்னவன் பேரு, ரெண்டும் வேணும். தப்பாப் போனா ஏழு நாளைக்குள்ள ரெண்டு பேரும் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்."

"அப்பா, சண்டைக்கு வருவாங்க லா."

"வரட்டும்!"

வந்தார்கள், மச்சான்! மூன்று நாள் அமளி. பின்லாந்துக்காரர் கோபித்துக்கொண்டார், பிரேசிலிலிருந்து ஒரு அம்மா எனக்காக மல்லுக்கு நின்றார், கடைசியில் ஓட்டெடுப்பு. ஒன்பதுக்கு இரண்டு! நான் சொன்னது சட்டமாகிவிட்டது. அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள், 'முத்து விதி'! பீடோங் பசார் கடைத்தெருவில் கால் தரையில் படாமல் நடக்கிறேன்.

உங்கள் வீட்டில் சமாதானம் பெருகட்டும். தங்கச்சிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது செரீனா ஓடி வந்தாள். புது விதிப்படி பழைய மாற்றங்களையும் தோண்டியிருக்கிறார்கள். தமிழைக் கெடுத்த மாற்றத்தைச் செய்தவர் அந்தப் பின்லாந்துக்காரர். பார்த்து ஓகே சொன்னவர்: இஞ்ஞாசிமுத்து, பீடோங். தமிழைச் சரிபார்க்க ஆள் கேட்டபோது போன வருஷம் பெயர் கொடுத்து வைத்தது நானாம். இந்த மாற்றத்தைப் பார்க்கச் சொல்லி மெயில் வந்ததும் திறந்துகூடப் பார்க்காமல் 'ஓகே லா' என்று அனுப்பியிருக்கிறேன். பின்லாந்துக்காரர் உடனே மன்னிப்பு எழுதிவிட்டார். நானும் எழுதிவிட்டேன். இப்போது அந்தக் கல்யாணப் பெண் வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்கக் கிளம்புகிறேன். தயவுசெய்து மேலே உள்ளதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.