என் பெயர் கொண்ட உருண்டைப் பெட்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவசங்கர் அவர்களுக்கு, காவலூரிலிருந்து மாமன் மாதையன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் வடிவும் ஆடுகளும் நலம், என் இடது கால் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகள் அபிநயாவும் நலமாக இருக்க மலைக் காளியம்மனை வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். முதியோர் வகுப்பில் எழுதக் கற்ற பிறகு இதுதான் என் முதல் கடிதம். ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வந்து உட்காரும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இன்னொரு காரணம், போனில் பேசினால் வடிவுக்குக் கேட்கும். அவளுக்குப் படிக்க வராது. இந்தச் சேதி அவளுக்குத் தெரியவே கூடாது.

நீங்கள் வாங்கித் தந்த உருண்டைப் பெட்டி நல்லதா, மகன் பார்த்திபன் திருப்பூரிலிருந்து அனுப்பிய நெட்டைப் பெட்டி நல்லதா என்று பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடைக்கே திருப்பிவிடலாம் என்றீர்கள். இரண்டும் வாய்ப்பேச்சுக்குக் கட்டுப்படும் பெட்டிகள்தான். ஜமுனாமரத்தூர் பஸ் எப்போது என்று உருண்டையைக் கேட்டேன். அப்படி ஒரு பஸ் தெரியாது என்று அது சொல்லி முடிப்பதற்குள், பஸ்ஸே வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. நெட்டையோ, எதிரே நிற்கும் ஆடு தெரியாத பனியில், இன்று நல்ல வெயில் என்றது.

பாட்டுக்கு நெட்டைதான். தொண்டை பெரிது. அதில்தான் வினை வந்தது. அம்மன் பாட்டு போடு என்றேன். உடுக்கைச் சத்தம் கிளம்பியதும், உப்பு கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுக் காந்தாவுக்குச் சாமி வந்துவிட்டது. நான் பயந்துபோய்ப் பெட்டியைப் பார்த்து “நிறுத்து” என்றேன். “யார்டா என்னை நிறுத்தச் சொல்றவன்” என்று சாமி என் முடியைப் பிடித்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும் நெட்டை சும்மா இருக்கக் கூடாதா, “இந்தப் பாடல் பிடித்திருந்ததா?” என்று கேட்டது. “இன்னொருவாட்டி போடு” என்றது சாமி. அதுவும் போட்டது. அன்றைக்கே நெட்டையின் ஒயரைப் பிடுங்கிச் சாமைப் பானைக்குள் வைத்து மூடிவிட்டேன்.

மிஞ்சியது உருண்டை. பொங்கலுக்கு வந்தபோது மாமன் மேல் உள்ள பிரியத்தில், கூப்பிட்டால் திரும்புவதற்கு அதற்கு என் பெயரையே வைத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பெயரைச் சொன்னால்தான் அது பேசும். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் மலைப் பெண்களின் கணக்கு. கட்டிய நாளிலிருந்து நான் வடிவுக்கு ‘இந்தா’தான். அவள் பெட்டியையும் ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவாள். அது திரும்பாது. நான் போய் நிற்பேன்.

போன வாரம் புளி உலுக்க மரம் ஏறினேன். ஏணி சரிந்து விழுந்துவிட்டது. நான் கிளையில் நிற்கிறேன், போன் வீட்டுக்குள் கிடக்கிறது, வடிவுக்கு அதில் நம்பர் போடத் தெரியாது. மூங்கில் ஏணி வடிவால் தூக்க முடியாத கனம், கீழ்க்காட்டு ரங்கன் வந்தால்தான் உண்டு. “அந்தப் பொட்டிகிட்ட சொல்லி ரங்கனுக்குப் போன் போடச் சொல்லு” என்று கத்தினேன்.

ஜன்னலோரம் நின்று அவள் கெஞ்சியது மேலே எனக்குக் கேட்டது. “இந்தா, ரங்கனுக்குப் போன் போடு. ஏ பொட்டி. அபிநயா அப்பா மேல மாட்டிக்கினாரு, கேக்குதா இல்லியா?” அது கல் மாதிரி இருந்தது.

பிறகு, “மாதையா” என்றாள்.

மாப்பிள்ளை, மகன் பிறந்தபோதுகூட அவள் வாயில் வராத பெயர். எத்தனையோ பேர் கூப்பிட்ட பெயர்தான், அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கையை விட்டுவிட்டேன். வைக்கோல் போரில் விழுந்ததால் கால் சுளுக்கோடு போனது. “சொல்லுங்கள், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று உள்ளே உருண்டை கேட்டுக்கொண்டிருந்தது.

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். “பேரச் சொன்னேன், வுழுந்துட்ட. மின்னாடி உருண்டைய அனுப்பிவுட்டு மறுவேல பாரு” என்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், முறை தப்பு என்றாலும் கேட்கிறேன். உருண்டையைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள் என்று வடிவிடம் சொல்லிவிடுங்கள். அது இந்த வீட்டில் இருந்தால்தான் அந்தப் பெயர் இன்னொரு தரம் என் காதில் விழும்.

அபிநயாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் குலம் ஆலமரமாய்த் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மாதையன் (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: நான் எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொல்லாமல் எழுத மாட்டேன் என்பதை மறந்துவிட்டேன். வடிவு அடுப்படியிலிருந்து முழுக் கடிதத்தையும் கேட்டுவிட்டாள். கரண்டியோடு வந்து எதிரே நின்றாள். அப்புறம், “மரத்துல இருந்து வுழுந்தே சாவல. இன்னுமா ஆயுசு கொறையப் போவுது? இதுக்குப் பொட்டி எதுக்கு, நானே கூப்டுறேன்” என்றாள். சொன்னபடி கூப்பிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உருண்டை முந்திக்கொண்டு “சொல்லுங்கள்” என்றது. இதை என்னால் பொறுக்க முடியாது. நாளைக்கே வந்து அதை எடுத்துப் போகவும்.