ரெட் கரன்ட் பச்சடியும் பெண் பார்க்க வந்தவர்களும்

விருந்து சமைத்தவர்களுக்கு, சாம்பாரில் உப்பு போட்டோமா என்ற பயம் வருவது சகஜம். விருந்தாளிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று பயந்து நடுங்கியவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புற வேலியோரம் இரண்டு ரெட் கரன்ட் செடிகள் இருந்தன. முன்பு குடியிருந்தவர்கள் வைத்தவை. இடுப்புயரப் புதர். கோடையில் சரம் சரமாகச் சிவப்பு மணிகள் தொங்கும். வாயில் போட்டால் புளிப்பில் கண் தானாக மூடிக்கொள்ளும். நான் நட்ட தக்காளி, வெண்டை, கறிவேப்பிலை எல்லாம் செத்துப்போயும் இவை மட்டும் செழித்தன. (என் கை படாததுதான் காரணம் என்பார் என் கணவர் சுரேஷ்.)

ரோஷத்தில் கை வைத்தேன். குளிர்காலத்தில் வயதான கிளைகளை வெட்டினேன். வேரைச் சுற்றி மரச்சீவல் பரப்பினேன். பறவைகள் கொத்தாமலிருக்க வலை போட்டேன். கோடையில் வலைக்குள் புதிதாக ஒரு கொடி கிடுகிடுவென்று ஏறியது. கத்தரிப்பூ மாதிரி ஊதாப் பூ வேறு. என் உரம்தான் வேலை செய்கிறது என்று பூரித்துப்போய், குச்சி நட்டு அதைக் கட்டியும் விட்டேன்.

அந்த ஜூலையில்தான் சுரேஷின் தங்கை வித்யாவைப் பெண் பார்க்க, டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து கார்த்திக் தன் அப்பா அம்மாவோடு வந்தான். அதுவரை வந்த வரன்களெல்லாம் வீடியோ காலோடு நின்றுபோனவை. விமானம் ஏறி வந்த முதல் வரன் இதுதான். வடை பாயசத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். வெல்லம் போட்டு, மாங்காய்ப் பச்சடி மாதிரி ரெட் கரன்டில் ஒரு பச்சடி செய்தேன். காலை அவசரத்தில் வலைக்குள் கையை விட்டு, சிவப்பாக அகப்பட்டதையெல்லாம் உருவிக்கொண்டு வந்திருந்தேன்.

பச்சடி அமோக வெற்றி. கார்த்திக்கின் அப்பா, அதாவது அங்கிள், கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணும் பையனும்தான் "ஹாய்" தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிப் பச்சடியை டப்பாவில் போட்டுக் கொடுத்து வழியனுப்பினேன்.

அவர்கள் கார் தெருமுனையைத் தாண்டியதும் பக்கத்து வீட்டு நான்சி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில், மிகவும் பணிவாகத்தான் கேட்டாள்: அந்த விஷக்கொடியை ஏன் குச்சி வைத்து வளர்க்கிறாய்?

அந்தக் கொடியின் பழமும் சிவப்புதானாம். கரன்ட் பழம் உருண்டையாம், கொடியின் பழம் கொஞ்சம் நீளமாம். வெல்லத்தில் குழைந்தபின் உருண்டை ஏது, நீளம் ஏது?

சுரேஷ் விஷ முறிவு உதவி எண்ணுக்கு போன் செய்தார். "எவ்வளவு போட்டேன்னு கேக்கறாங்க, ஹேமா."

"எது எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்!"

பழுத்த பழம் ஒன்றிரண்டு என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் சாப்பிட்ட எல்லாரையும் கவனியுங்கள், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள் என்றார்கள். என் நாக்கு உலர்ந்திருந்தது. விஷமா பயமா, தெரியவில்லை. கார்த்திக்கின் அம்மாவை போனில் அழைத்தேன்.

"ஆன்ட்டி... எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம்மா! உன் பச்சடியப் பத்திதான் பேசிட்டு வரோம். அங்கிள் பின்சீட்ல டப்பாவைத் திறந்து ஸ்பூன் போட்டு சாப்பிட்டுட்டே வரார்."

"அவரை நிறுத்தச் சொல்லுங்க!" என்று அலறினேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் கார் பிரேக் போடும் சத்தம் கேட்டது.

அடுத்த எக்ஸிட்டில் திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாராவது இருமினால் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. அங்கிள் வயிற்றைத் தடவும்போதெல்லாம் சுரேஷ் கார் சாவியை எடுத்தார். நாத்தனாருக்கு வந்த நல்ல வரனைக் குடும்பத்தோடு கொன்றவள் என்று ஊரெல்லாம் பேசப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது சோபா மூலையிலிருந்து கார்த்திக்கின் குரல் கேட்டது. "வித்யா, உங்களுக்கு ஏதாவது கடைசி ஆசை இருக்கா?"

"இருக்கு. இனிமே அண்ணியை கார்டன் பக்கமே விடக் கூடாது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்புறம் இருவரும் பேச்சை நிறுத்தவேயில்லை. சாகப்போகிறோம் என்றால் கூச்சம் போய்விடும் போலிருக்கிறது.

பொழுது சாயும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆன்ட்டி மெல்லச் சொன்னார்: "பசிக்குதும்மா. நீ கிச்சனுக்குப் போகாத. பீட்சா ஆர்டர் பண்ணு."

கொடிப்பழம் உண்மையிலேயே பச்சடியில் விழுந்ததா என்பது இன்றுவரை தெரியாது. கொடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். வித்யா இப்போது ஃபிரிஸ்கோ மருமகள். ஒவ்வொரு கோடையிலும் பழத்தை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பச்சடி செய்து அவர்களுக்கு அனுப்புகிறேன். பார்சல் போய்ச் சேர்ந்ததும் அங்கிளிடமிருந்து போன் வரும்.

"ஹேமா, பச்சடி வந்துடுச்சு. நீ சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"