புளோக் 219-க்கு வந்த மாத்திரை

நகர மன்றம் ஒரு நோட்டிஸ் ஒட்டுச்சுன்னா நாலு மொழியில ஒட்டும். மூணு மொழி படிக்கிறதுக்கு, ஒரு மொழி சிரிக்கிறதுக்கு. சிரிக்கிற மொழி எதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

புக்கிட் செரோஜா பேட்டை, புளோக் 219, கீழ்த்தளம், லிஃப்டுக்குப் பக்கத்துல அறிவிப்புப் பலகை. பிப்ரவரி கடைசியில ஒரு திங்கக்கிழமை காலையில பாத்தா புது நோட்டிஸ். கறுப்புத் துணி போட்டு மூடுன ஒரு சதுரம், அதான் படம். மேல இங்கிலீஷ்ல, புதிய டேப்லட் விரைவில்னு. மலாய்லயும் டேப்லட்தான். சீனத்துல என்னமோ ரெண்டு வரி. கடைசியா தமிழ். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா கோவிச்சுக்கிட்டு நிக்குது: "புதிய மாத்திரை வெகுவிரைவில். மார்ச் 8, காலை 9 மணி. அனைவரும் வருக."

அங்க காப்பிக்கடையில கோப்பியும் தேயும் கலக்குற ஸ்டால் என்னோடது. எனக்குப் பக்கத்துக் கடை தவுக்கே கோ; இங்க முதலாளியைத் தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம். கைப்பேசி ரிப்பேர், டேப்லட் விற்பனை. அவரைக் கூட்டிட்டு வந்து சீனத்தைப் படிக்கச் சொன்னேன்.

மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் படிச்சார். "தட்டையா இருக்கிற கம்ப்யூட்டர்னு போட்டிருக்கு, மணி."

"தமிழ்ல மாத்திரைன்னு போட்டிருக்கு, தவுக்கே."

"அது எப்பவும் அப்படித்தானே போடுவாங்க."

சீனருக்கே தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா.

அவர் சிரிச்சாரே தவிர முகம் வெளிறிப்போச்சு. காரணம் இருக்கு. அவர் கண்ணாடிப் பெட்டியில முப்பது டேப்லட் உக்காந்திருக்கு. மார்ச் கடைசிக்குள்ள அதெல்லாம் போனாத்தான் கடை நிக்கும். போகலைன்னா காலி பண்ணணும். பபிள் டீக்காரன் ஒருத்தன் ஏற்கெனவே நாடாவோட வந்து அவர் கடையை நீளம் அகலம் அளந்துட்டுப் போயிட்டான். கல்லாவுல அவர் உக்காந்திருக்கும்போதே அவரையும் சேத்து அளந்தான். பக்கத்துல பபிள் டீ வந்தா நான் இழுத்து ஆத்துற தே தாரிக்கை எந்த இளவட்டம் குடிக்கும்? அதனால தவுக்கே கடை நின்னாத்தான் என் கடையும் நிக்கும்.

அவர்கிட்ட ஒண்ணு வாங்குறேன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். கிளாஸ் கழுவிக்கிட்டே சீரியல் பாக்கலாமேன்னுதான்.

பத்து மணிக்கு ஜுனைதி வந்தார். டாக்சி ஓட்டுறவர். என்னை "காக்கா, காக்கா"ன்னு கூப்பிடுவார். மலாய்ல அக்கான்னு அர்த்தம். தமிழ்ல கேட்டா சோறு வைக்கத் தோணும். பதிலுக்கு நான் அவரை அபாங்னு கூப்பிடுவேன், அண்ணன்னு அர்த்தம். எந்த விஷயமானாலும் அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

"காக்கா, அது பெரிய சாமான்! என் மச்சானோட கூட்டாளி பாத்தாம் தீவுல ஃபேக்டரியில இருக்கான். அவன் கையால பெட்டியில வச்சிருக்கான்."

"பாத்தானா?"

"இல்ல, பெட்டி மூடியிருந்துச்சு. ஆனா கனமா இருந்துச்சாம்."

"மூடுன பெட்டிக்குள்ள அவன் எப்படி வச்சான், அபாங்?"

"அதான் ரகசியம்!" னுட்டு பால் இல்லாம ஒரு கோப்பி-ஓ கேட்டார்.

அன்னைக்கு மத்தியானம் தவுக்கே கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. டேப்லட்டைத் தொட்டுப் பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, வச்சிட்டாங்க. "புதுசு வருதாமே, பொறுத்து வாங்குவோம்." மறுநாள் அஞ்சு பேர். அஞ்சு பேரும் பொறுத்து வாங்குவாங்களாம். நான் மட்டும் என்ன, ஆகாசத்துல இருந்தா குதிச்சேன்?

"தவுக்கே, நானும்... எட்டாம் தேதி வரைக்கும் பாத்துட்டு..."

"மணி, நீயுமா?"

பால் ஊத்தி ஒரு தே-சி போட்டுக் குடுத்து அவர் வாயை அடைச்சேன். சீனியை ஒரு கரண்டி கூடப் போட்டேன். மனசாட்சிக்கு.

புதன்கிழமை நகர மன்றத்துல இருந்து டெஸ்மண்ட் பாங் வந்தார். முப்பது வயசு, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துல அட்டை. அட்டையில "துணை உதவி மேலாளர், சமூக மகிழ்வுப் பிரிவு"ன்னு இருந்துச்சு. பேட்டையில யாரு எப்ப மகிழணும்கிறது அவர் பொறுப்பு. வந்து உக்காந்து கோப்பி கேட்டாரு, காப்பிக்கடையே நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுருச்சு.

"சார், அந்த டேப்லட்..."

"சிறப்பு விருந்தினர் திரை விலக்குறதுக்கு முந்தி எதுவும் சொல்லக்கூடாது. மேலிடத்துத் தாள்ல இருக்கிற விவரம் மட்டும் சொல்லலாம்." பையில இருந்து ஒரு தாளை எடுத்து, மார்போட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டார்.

ஜுனைதி ஆரம்பிச்சார். "பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?"

பாங் தாளைப் பாத்தார். "மின்சாரம் தேவையில்லை."

கடையே மூச்சை இழுத்துச்சு. "சூரிய சக்தி!" ன்னார் ஜுனைதி.

"மழையில நனைஞ்சா?"

"மழை, வெயில், எதுவும் பாதிக்காது."

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

"குறைந்தது அம்பது."

தவுக்கே தலையில கைய வச்சுக்கிட்டார். அவர் டேப்லட்டுக்கு ஒரு வருஷ உத்தரவாதம்.

"கலர்?"

"கறுப்பு. பளபளப்பு."

"விரல் வச்சுத் தள்ளுறதா, இல்ல பேனா வச்சா?"

பாங் தாளை ரெண்டு தடவை படிச்சார். "பொதுமக்கள் தொட வேண்டாம்னு போட்டிருக்கு."

"தொடவே வேணாம்! வாயால சொன்னாலே போதும், அதுவா செய்யும்!" ஜுனைதி எந்திரிச்சே நின்னுட்டார்.

ஓரத்துல உக்காந்திருந்த ரெங்கசாமி அண்ணன் அப்பத்தான் வாயைத் திறந்தார். சக்கரை வியாதிக்காரர். ஆனா கோப்பியில மட்டும் ரெண்டு கரண்டி சக்கரை கேப்பாரு. "சார், சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"காலை ஒம்பது மணிக்கு," ன்னார் பாங்.

"வெறும் வயித்துல," ன்னு எனக்கு விளக்கம் சொன்னார் அண்ணன். "ஒரு மாத்திரை, அம்பது வருஷம் வேலை செய்யுமாம் தவமணி. கவர்மெண்டு நெனச்சா என்னதான் முடியாது?"

"அண்ணே, அது கம்ப்யூட்டருண்ணே."

"தமிழ்ல தெளிவா போட்டிருக்கான். தமிழனே தமிழை நம்பலைன்னா எவன் நம்புவான்?"

ஆஸ்பத்திரியில குடுத்ததை மட்டும் நிறுத்திராதீங்கன்னு அதட்டி வச்சேன்.

கடைசியா நான் ஒண்ணு கேட்டேன். "சார், மொத்தம் எத்தனை வருது?"

"ஒன்று."

"ஆளுக்கு ஒண்ணா?"

"இல்லம்மா. மொத்தமே ஒண்ணு."

அவ்வளவுதான். கோப்பி குடிச்சிட்டு இருந்தவங்க பாதியில எந்திரிச்சாங்க. பாங் கௌம்பும்போது என்கிட்ட குனிஞ்சு மெதுவா கேட்டார்: "ஊழியர்களும் வரிசையில நிக்கலாமான்னு உங்களுக்குத் தெரியுமா?" தாள் கையில இருக்கிறவரே என்னைக் கேக்குறார்!

அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்துல ஒரு இடத்தை அன்னைக்கே கறுப்புத் துணி போட்டு மறைச்சுட்டாங்க. சாயங்காலம் ஜுனைதி அதுக்கு முன்னால தரையில ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சிட்டு டாக்சி ஓட்டப் போயிட்டார். நம்மூர்ல டிஷ்யூ பாக்கெட் வச்சா அங்க ஆள் உக்காந்திருக்குன்னு அர்த்தம். சாப்பாட்டுக் கடை மேசையில எவனாவது அதைத் தள்ளிட்டு உக்காருவானா? மாட்டான். அதுக்குப் பின்னால இன்னொரு பாக்கெட் வந்துச்சு. வியாழக்கிழமை எண்ணிப் பாத்தா அறுபத்தி மூணு பாக்கெட். மனுஷன் ஒருத்தன் இல்ல. பாக்கெட்டுங்க மட்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னு, நாடு எவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு காட்டிக்கிட்டு இருந்துச்சுங்க.

கூட்டிப் பெருக்குற பங்களாதேஷ் தம்பி விளக்குமாத்தோட முழிச்சான். குப்பைன்னா அள்ளணும், வரிசைன்னா அள்ளக்கூடாது. பாங்குக்குப் போன் போட்டான். பாங் வந்தார், பாத்தார், மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் கூட்டம் போட்டுச்சு. வெள்ளிக்கிழமை முடிவு வந்துச்சு: தரையில மஞ்சக் கோடு, நம்பர், கூடவே நாலு மொழியில நோட்டிஸ். டிஷ்யூ பாக்கெட்டைக் கோட்டுக்குள்ள வைக்கணுமாம். மத்த மூணு மொழியில அப்படித்தான் இருந்துச்சு. தமிழ்ல: "உங்கள் திசுக்களைக் கோட்டிற்குள் ஒழுங்காக வைக்கவும்."

ரெங்கசாமி அண்ணன் என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினார். "பாத்தியா? திசு செக் பண்றாங்க. நான்தான் சொன்னேன்ல, மருத்துவ விஷயம்!"

கோடு போட்டது தப்பாப்போச்சு. அதுவரைக்கும் வதந்தின்னு நெனச்சவன்கூட, நகர மன்றமே கோடு போட்டுருச்சுன்னா சும்மாவா இருக்கும்னு வந்துட்டான். ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு போன் போட்டுக் கேட்டுச்சாம். "வதந்திகளுக்குக் கருத்துரைப்பதில்லை"ன்னாராம் பாங். "அப்ப உறுதி!" ன்னாங்க ஜனங்க. அவரே பயந்துபோய், "அப்படி ஒரு வரிசையே இல்லை"ன்னு சொன்னாரு. பக்கத்துப் பேட்டையில இருந்தும் பாக்கெட்டுங்க வந்துருச்சு.

தவுக்கே கடையில ஈ காக்கா இல்ல. ஜுனைதிகூட எட்டிப் பாக்கலைன்னு சொல்றேன். பபிள் டீக்காரன் இன்னொரு தடவை வந்து, இந்த வாட்டி பெயிண்ட் கலரோட நின்னான். ரோஸு.

மார்ச் எட்டு. கீழ்த்தளம் கொள்ளாத கூட்டம். அவங்கவங்க பாக்கெட்டுக்குப் பின்னால அவங்கவங்க நின்னாங்க. எனக்கு நூத்திப் பதினேழு. சிறப்பு விருந்தினர் வந்தார், நாலு மொழியிலயும் வணக்கம் சொன்னார், கயித்தை இழுத்தார். துணி விழுந்துச்சு.

கல்லு.

கறுப்பா, பளபளன்னு, ஆள் உசரத்துக்கு ஒரு கல்வெட்டு. கல்வெட்டுக்கும் இங்கிலீஷ்ல டேப்லட்னுதான் பேராம், சீனத்துல எழுதுனவனும் ஏமாந்திருக்கான். புக்கிட் செரோஜா பேட்டைக்கு முப்பது வயசுன்னு நாலு மொழியில செதுக்கியிருக்கு. தமிழ்ல, "முப்பது ஆண்டு. நீளமாக வாழ்க."

யாரும் கை தட்டலை. முதல் நம்பர் ஜுனைதி மெதுவா முன்னால போய், கல்லு மேல ஒரு விரலை வச்சு இடமிருந்து வலமா தள்ளினார். திரும்ப வலமிருந்து இடமா தள்ளினார்.

"தொட வேண்டாம்," ன்னார் பாங். அவர் குரல் கொஞ்சம் அழுகிற மாதிரி இருந்துச்சு. அவர் நம்பர் நாப்பத்தி ரெண்டு.

"இன்னும் சார்ஜ் ஏறலையோ?" ன்னு பின்னால ஒருத்தன் கேட்டான்.

ரெங்கசாமி அண்ணன் கல்லை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். "இதை எப்படி தவமணி முழுங்குறது?"

விருந்தினர் கார் ஏறிட்டார். கூட்டம் மட்டும் கலையலை. அது எப்படிக் கலையும்? நாள்கணக்கா வச்ச பாக்கெட். வெறுங்கையோட வீட்டுக்குப் போனா பொண்டாட்டி சும்மா விடுவாளா?

தவுக்கே கோ இதையெல்லாம் தன் கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தார். நேரா போய்க் கீழ கிடந்த கறுப்புத் துணியை எடுத்தார். தட்டி மடிச்சார். தன் கண்ணாடிப் பெட்டி மேல போட்டு மூடினார். அப்புறம் ஒரு அட்டையில பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல, சீனத்துல, மலாய்ல எழுதி எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தார்.

"மணி, தமிழ்ல நீ எழுதிக் குடு. ஒழுங்கா எழுது, நகர மன்றம் மாதிரி எழுதிராத."

"யாருகிட்ட சொல்றீங்க?" ன்னு பேனாவை வாங்குனேன். எழுதிக் குடுத்தேன்.

அட்டையைத் துணி மேல சாத்தி வச்சார். முதல்ல பாத்தது ஜுனைதிதான்.

"தவுக்கே, உள்ள என்ன?"

"பழைய மாடல்," ன்னார் தவுக்கே. அந்த மனுஷனுக்குப் பொய் வராது.

"எப்ப வந்தது?"

"போன வருஷம்."

ஜுனைதி கூட்டத்தைப் பாத்துக் கண்ணடிச்சார். "மறைக்கிறான் பாரு! நம்மளைக் கழட்டி விடப் பாக்குறான்!"

"நெஜமாவே பழசு. பேட்டரி எட்டு மணி நேரம்தான். தண்ணி பட்டா போயிரும்."

"அப்ப எத்தனை இருக்கு? அதைச் சொல்லு!"

"முப்பதுதான்."

இருநூறு பாக்கெட்டும் அப்படியே எந்திரிச்சுத் தவுக்கே கடை வாசலுக்கு நடந்துச்சு. பன்னெண்டு மணிக்கெல்லாம் பெட்டி காலி. அந்தத் துணியைக்கூட ஒருத்தன் விலை கேட்டான். பாங் இருபத்தி எட்டாவதை வாங்கி, கழுத்து அட்டையைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போனார். பபிள் டீக்காரன் ரோஸு டப்பாவைத் தூக்கிக்கிட்டு வேற புளோக் பாக்கப் போயிட்டான்.

நான் கூட்டத்துக்குக் கோப்பி கலக்கி முடிச்சு, கையத் தொடச்சுக்கிட்டு ஓடுறதுக்குள்ள கடைசி ஒண்ணை ரெங்கசாமி அண்ணன் நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வர்றார்.

"அண்ணே, உங்களுக்கு எதுக்குண்ணே கம்ப்யூட்டரு?"

"கம்ப்யூட்டரா?" பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "நகர மன்றம் எழுதுனதை நம்பி ஒரு தடவை ஏமாந்தேன். இந்தத் தடவை நீ எழுதுனதாச்சேன்னு நம்பி வாங்குனேன்!"

அப்பத்தான் நான் அட்டையைத் தலை தூக்கிப் பாத்தேன். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நானும் ரொம்ப நேரம் யோசிச்சேங்க. டேப்லட்டுக்குத் தமிழ்ல என்ன? நாலாப்போட நின்ன படிப்பு. ஒண்ணும் வரலை. பின்னால ஜனம் நெருக்குது. கொம்பெல்லாம் சரியாப் போட்டு, எழுத்தெல்லாம் ஒட்டவச்சு, அழகா எழுதியிருந்தேன்:

"புதிய மாத்திரை வந்துவிட்டது."

தவுக்கே காலிப் பெட்டியைத் தொடச்சுக்கிட்டே சிரிச்சார். "உனக்கென்ன மணி, அடுத்த வருஷம் புதுசு வரும். பொறுத்து வாங்கு."